நல்லாங்கரைக் கிணறுகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அழைப்புமணி அடித்தபோது, இன்னொரு பூச்செண்டு வந்திருக்கிறது என்றுதான் அறவாழி நினைத்தார்.

முந்தின நாள் மாலை இலக்கியப் பேரவை விருதை அறிவித்திருந்தார்கள். அதிலிருந்து போன் ஓயவில்லை. பெரம்பூரில் அதே மாடியில் பல வருடமாகக் குடியிருக்கும் பல் டாக்டர் கதவைத் தட்டி, "சார் எழுத்தாளரா? சொல்லவே இல்லையே" என்று கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

கதவைத் திறந்தார். பூச்செண்டு இல்லை. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி கையில் ஹெல்மெட்டுடன் நின்றிருந்தாள்.

"வாழ்த்துகள் சார். என் பேர் ஜெனிட்டா. கடலோர மதிப்பீட்டு மையத்துலேருந்து வர்றேன். பத்து நிமிஷம் பேசலாமா?"

"ஜோசியர் ஆபீஸா?"

அவள் சிரித்தாள். "தூத்துக்குடியில எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. மக ஜோசியர்கிட்ட வேலை பாக்கான்னு."

ஊர் உலகமே அப்படித்தான் சொன்னது. மையத்தில் இருந்த இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் கணிப்பான். கடலோரத்தில் எந்த ஊருக்குக் கல் கொட்டுவது, எந்த ஊரைக் காலி செய்வது என்று அதுதான் சொல்லும். அமைச்சர் கையெழுத்து மட்டும் போடுவார்.

உட்காரச் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க 'நல்லாங்கரை விசாரணை அறிக்கை'யை நாலு தடவை படிச்சேன் சார்."

அறவாழியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? காபி சாப்பிடறியாம்மா?"

"வேண்டாம் சார். அது கதைதானே?"

"இது என்ன கேள்வி?"

"கதைதானே சார்? அறிக்கை இல்லியே?"

விருது வாங்கித் தந்த கதை அது. நல்லாங்கரை அவர் பிறந்த ஊர், கடலூருக்குத் தெற்கே ஒரு சின்ன மீன்பிடி ஊர். அந்த ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு அரசு ஒரு விசாரணைக் கமிஷன் போடுகிறது. கமிஷனின் அறிக்கைதான் கதை. கதாநாயகன் கிடையாது. எண்ணிட்ட பத்திகள், சாட்சிகளின் வாக்குமூலம், கடைசியில் அட்டவணைகள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது.

"அதுல ரெண்டாவது பின்னிணைப்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால ஊர்க் கிணத்துத் தண்ணியில எவ்வளவு உப்பு இருந்துச்சுன்னு ஒரு அட்டவணை. அந்த எண்களை எங்கேருந்து எடுத்தீங்க?"

அறவாழி சன்னலைப் பார்த்தார். அந்த அட்டவணையை எழுதிய மாலை நினைவுக்கு வந்தது. இதே நாற்காலி. வெளியே மழை. பத்தே நிமிடத்தில் போட்டு முடித்துவிட்டு வெங்காய பஜ்ஜி சாப்பிட்டார்.

"கதைக்குத் தேவைப்பட்ட எண்கள்" என்றார்.

ஜெனிட்டா மூச்சை விட்டாள். "நெனச்சேன்."

"அதுல என்ன வந்துச்சு இப்போ?"

"ஒரு காலேஜ் பொண்ணு அதை ஆய்வேட்டுல எடுத்துப் போட்டுச்சு. கதைன்னு போடல. அதைப் பார்த்து ஒரு பேப்பர்ல எழுதினாங்க. பேப்பரைப் பார்த்து ஒரு தொண்டு நிறுவனம். அதைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து எழுதினதுதான் சார் எல்லாம். ஆனா ஜோசியருக்கு அத்தனையும் தனித்தனி சாட்சி."

"அது கதையெல்லாம் படிக்குமா?"

"எழுதினது எல்லாத்தையும் படிக்கும். கதைன்னு தெரிஞ்சா ஓரமா வெச்சிடும். வியாழன் கிரகத்துக்குப் போற உங்க பழைய கதையெல்லாம் ஓரமாத்தான் இருக்கு. இதை மட்டும் அறிக்கைன்னு எடுத்துக்கிச்சு."

அறவாழிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இயந்திரமே நம்பியிருக்கிறது. வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் கேட்டார்: "போய் அளந்து பார்த்தா தெரிஞ்சுடுமே?"

"அளந்தோம். உப்பு இருக்கு. ஆனா அது எப்பவும் இருந்த உப்பா, புதுசா வந்த உப்பா? அந்தக் காலத்துல சின்ன ஊர்ல யாரு சார் அளந்து வெச்சாங்க? கருவி வெக்காத ஊருக்கு எழுத்துதான் கருவி. உங்க அட்டவணைப்படி அப்போ தண்ணி இளநி மாதிரி இருந்திருக்கு. இப்போ உப்பு. அப்படின்னா கடல் மண்ணுக்குள்ள வேகமா வருதுன்னு அர்த்தம். இன்னும் பன்னிரண்டு வருஷத்துல ஊரே இருக்காதுன்னு கணக்குப் போட்டிருக்கு."

"ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க?"

"எங்க கிணறு என்னைக்கும் உப்புதான்னு சொல்றாங்க. ஆனா ஊர்க்காரங்க சொல்றதுக்கு மதிப்பு கம்மி சார். வீடு வெச்சிருக்கவன் வீட்டைக் காப்பாத்தத்தானே பேசுவான்னு அது நெனைக்குது."

நல்லாங்கரைக்குத் தூண்டில் வளைவு ஒப்புதலாகியிருந்தது. கடலுக்குள் வளைவாகக் கல்லைக் கொட்டி அலையின் வேகத்தை உடைக்கும் கரை அது. ஊர்க்காரர்கள் இரண்டு தலைமுறையாகக் கேட்டு வாங்கியது. லாரியில் கல்லும் வந்து இறங்கியிருந்தது. அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

"மூழ்கப் போற ஊருக்கு எதுக்கு வளைவுன்னு பட்டியல்லேருந்து எடுக்கப் போறாங்க சார். மாசக் கடைசியில முடிவு. நீங்க ஒருதரம் மையத்துக்கு வந்து உங்க வாயால சொல்லிட்டாப் போதும். இது நான் கட்டின கதை, எண்ணெல்லாம் கற்பனைன்னு. எழுதினவரே சொல்லிட்டா மத்ததெல்லாம் தன்னால உதிர்ந்துடும்."

"நான் சொன்னது வெளியில வருமா?"

"வரும் சார். மையத்துல சொல்றது எல்லாம் பொதுப் பதிவு."

அறவாழி காலண்டரைப் பார்த்தார்.

"விழா இருபதாம் தேதி. உங்க கெடு மாசக் கடைசி. இருபத்தொண்ணாம் தேதி காலையில நானே வந்து நிக்கறேன். சரியா?"

"இன்னிக்கே வந்தா நல்லது சார்."

"ஏன்?"

"காரணம் கேட்டா சொல்லத் தெரியல. அது தெனமும் படிச்சுக்கிட்டே இருக்கு. அதான் பயமா இருக்கு."

"அது எங்க ஊரும்மா. எங்க அக்கா அங்கதான் இருக்கா. நான் விட்டுடுவேனா?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

*

விருது அறிவிக்கும்வரை தமிழில் அறவாழி என்று ஓர் எழுத்தாளர் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மின்வாரியத்தில் வேலை. வேலை முடிந்து வந்து கதை. வாரப் பத்திரிகையில் சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவே ஒன்றரைப் பக்கம் கொடுப்பார்கள். விளம்பரம் வந்தால் அரைப் பக்கம் போய்விடும். ஒருமுறை கதையின் முடிவே போய்விட்டது. ஆசிரியரைக் கேட்டதற்கு, "முடிவில்லாமலும் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்.

இலக்கியக் கூட்டங்களில் அவரைப் பார்த்தால், "இன்னும் ராக்கெட் விட்டுட்டிருக்கீங்களா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துச் சிரித்தே தலை நரைத்தது. கல்யாணம் தள்ளிப்போய் நின்றுபோனது.

எழுத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எவ்வளவு பெரிய பொய்யானாலும் நடுவில் ஒரு நிஜத் தெருவும் ஒரு நிஜப் பெயரும் வைக்க வேண்டும். எண்ணைப் புள்ளிவைத்து எழுத வேண்டும். ஏழடி என்றால் கதை. ஆறு புள்ளி எட்டு அடி என்றால் அறிக்கை. நல்லாங்கரைக் கதையில் அந்த முறை முழுமை பெற்றது. தெரு, ஐஸ்கம்பெனித் தெரு. பெயர், பொற்கொடி. அவருடைய அக்கா.

கதையில் பொற்கொடி ஐஸ் கம்பெனி நடத்துகிறாள். நிஜத்திலும் அப்படித்தான். கடல் ஊருக்குள் வருகிறது, அரசு கடைசி பஸ்ஸை அனுப்புகிறது. அவள் ஏறுவதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கமிஷன் வந்து பார்க்கிறது. 'ஐஸ் கம்பெனியின் இரும்புக் கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது' என்று மட்டும் அறிக்கை சொல்கிறது. தன் எழுத்திலேயே சிறந்த வரி அதுதான் என்று அறவாழிக்குத் தெரியும்.

சென்ற வருடம் இணைய சானல் ஒன்றிலிருந்து ஒரு பையன் பேட்டிக்கு வந்தான். கதையை வரிவரியாகப் படித்திருந்தான். "இவ்வளவு துல்லியமா எப்படி சார்?" என்று கேட்டான். அந்த மாதிரிக் கண்களை அறவாழி அதுவரை எதிரில் பார்த்ததில்லை. பதில் தானாக வந்தது.

"ஒவ்வொரு கிணத்துலயும் நானே போய்த் தண்ணி மொண்டு பார்த்தேன் தம்பி. பத்து வருஷ உழைப்பு."

அந்தத் துண்டு மட்டும் தனியாகப் பரவியது. கட்டுரைகள் வந்தன. 'கள ஆய்வாளர்' என்றார்கள். 'தீர்க்கதரிசி' என்றார்கள். சொன்னதைத் திருப்பி வாங்க ஒரு நாள் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். எந்த நாள் என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

*

ஜெனிட்டா வந்துபோன அன்று சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய் அறவாழி! டிவில உன் மூஞ்சியக் காட்டினாண்டா. கொஞ்சம் சிரிக்கக் கூடாதா? எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கற."

"அது பழைய போட்டோக்கா."

"சட்டையும் பழசு. சரி, அது இருக்கட்டும். ஒவ்வொரு கெணறா தண்ணி மொண்டேன்னு சொன்னியாமே? மீன் ஏலத்துல ஒரே சிரிப்பு. எந்தக் கெணத்துலடா மொண்ட? உங்க மாமா செத்தப்போ காலையில வந்துட்டு சாயங்காலமே பஸ் ஏறினவன் நீ."

"பேட்டில ஏதாவது சொல்லணும்ல."

"சொல்லு, சொல்லு. ஆனா நம்மூர்க் கெணத்துத் தண்ணி தேனா இனிச்சிதுன்னு எழுதியிருக்கியாமே. அதெப்படிடா வாய் கூசாம எழுதின? குடிக்கிற தண்ணிக்கு நாம சைக்கிள்ல குடம் கட்டிக்கிட்டு பக்கத்து மேலூருக்குப் போனமே, மறந்துபோச்சா? பின்னாடி ஒக்காந்து குடத்தைப் புடிச்சிக்கிட்டு வந்தவன் நீதான். ஒடச்சதும் நீதான்."

அறவாழிக்குக் குடம் உடைந்தது நினைவுக்கு வந்தது. செம்மண் ரோட்டில் தண்ணீர் ஓடியது. அக்கா அவனை அடிக்கவில்லை. வீட்டில் தன் கைதான் வழுக்கிவிட்டது என்று சொன்னாள். இதெல்லாம் எட்டு வருடத்துக்கு முன்பு, அந்த மழை மாலையில், நினைவுக்கு வரவே இல்லை. கிணறு என்று எழுதியதும் இனிப்பு என்று கை எழுதிவிட்டது. எல்லாரும் தங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி அப்படித்தானே எழுதுகிறார்கள்.

"அக்கா, வளைவு வேலை என்னாச்சு?"

"கல்லு வந்து கொட்டிக் கெடக்கு. பசங்க மேல ஏறி வெளையாடுதுங்க. ஜோசியரு இன்னும் நாள் குறிக்கல போல. ஐப்பசிக்குள்ள போட்டுட்டா நல்லது. போன வருஷமே அலை ஐஸ் கம்பெனி வாசப்படியத் தொட்டுட்டுப் போச்சு."

"போட்டுடுவாங்கக்கா."

"நீ சொன்னா சரி. நீதான் தீர்க்கதரிசியாச்சே" என்று சிரித்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். விழா முடியட்டும் என்று மூடிக்கொண்டார். இருபத்தொன்றாம் தேதி எல்லாம் சரியாகிவிடும். சரியான பிறகு சொன்னால் அது வெறும் வேடிக்கைக் கதையாகிவிடும். இரண்டு பேரும் சிரிக்கலாம்.

*

விழா அரங்கம் நிரம்பியிருந்தது. ராக்கெட் பற்றிக் கேட்டவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பல் டாக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

நடுவர் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல கனமான குரல். அவர் பாராட்டுரையைப் படித்தார். "வசதியான அறையில் அமர்ந்து கற்பனை செய்பவர் அல்லர் இவர். பத்தாண்டுக் காலம் கிணறு கிணறாகச் சென்று நீரை அளந்தவர். இப்புனைவிலுள்ள ஒவ்வோர் எண்ணும் உண்மை என்பதே இதன் அறம்." நடுவர்கள் ஏழு பேரின் கையெழுத்தோடு அதைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு இரும்புக் கதவு வரியைப் படித்துவிட்டுத் தலைவர் நிறுத்தினார். அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றபோது, இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று அறவாழிக்குத் தோன்றியது. நாலே வார்த்தை. முன்வரிசையைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காமல்.

"நன்றி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எவ்வளவு அடக்கம் என்று மறுநாள் எழுதினார்கள்.

*

இருபத்தொன்றாம் தேதி காலை, சொன்ன சொல் தவறாமல் மையத்துக்குப் போனார். ஜெனிட்டா வாசலிலேயே காத்திருந்தாள். முகம் சரியில்லை.

"பேரவை தளத்துல பாராட்டுரை வந்துடுச்சு சார்."

"வரட்டுமே."

"நேத்து ராத்திரியே அது படிச்சிடுச்சு."

சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கேமரா. ஜெனிட்டா கதவருகே நின்றுகொண்டாள். குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பள்ளிக்கூடத்து உரைநடை போலப் பேசியது.

"வணக்கம். நீங்கள் ஒரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறீர்கள்."

"ஆமாம். நல்லாங்கரை விசாரணை அறிக்கை நான் கட்டின கதை. அதில் இருக்கும் எண்கள் எல்லாம் என் கற்பனை."

"கிணறுகளின் உப்பளவும்?"

"அதுவும்தான்."

"சென்ற ஆண்டு ஒரு பேட்டியில், ஒவ்வொரு கிணற்றிலும் நீங்களே நீர் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னீர்கள்."

"அது பொய்."

"அந்தப் பொய்யால் உங்களுக்கு என்ன லாபம் கிடைத்தது?"

அறவாழி யோசித்தார். "அந்தப் பையன் என்னை மரியாதையாகப் பார்த்தான்."

"பொய் சொல்ல அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை."

கதவருகே ஜெனிட்டா கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தார்.

"நல்லாங்கரையில் உங்களுக்கு உறவினர் உண்டா?"

"அக்கா இருக்கிறாள்."

"இன்று நீங்கள் சொல்வது ஏற்கப்பட்டால் அவருக்கு லாபம் உண்டா?"

"அவள் வீடு பிழைக்கும். ஊரே பிழைக்கும். அதற்காகத்தானே வந்தேன்?"

"நன்றி. வீட்டைக் காப்பாற்றப் பேசுகிறவர்களின் சொல்லை நான் எப்படி எடைபோடுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நேற்று ஏழு அறிஞர்கள் உங்கள் எண்கள் உண்மை என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் நல்லாங்கரையில் வீடு இல்லை."

"ஐயா, அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்!"

"நீங்கள் சொன்னதை ஆராய்ந்த பிறகே சொல்லியிருப்பார்கள் என்று கொள்கிறேன். அதுவே அறிஞர்களின் வேலை."

அறவாழி எழுந்து நின்றார். "அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. எங்கள் அக்கா சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு மேலூருக்குப் போவாள். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் குடம் உடைந்தது. ரோடெல்லாம் தண்ணீர்..."

"இதை நீங்கள் இதற்குமுன் எங்காவது எழுதியிருக்கிறீர்களா?"

"இல்லை."

அதற்குக் குரல், "உருக்கமாக இருக்கிறது" என்றது.

நடைக்கு வந்ததும் ஜெனிட்டா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அன்னிக்கே வந்திருக்கலாம் சார். அன்னிக்கு உங்க சொல்லுக்கு எதிரா வெறும் பேட்டி மட்டும்தான் இருந்துச்சு. உங்க பேச்சுக்கு உங்க பேச்சு. எண்ணெல்லாம் உதிர்ந்து போயிருக்கும்."

"பேரவைக்கு எழுதறேன். பாராட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்றேன்."

"எழுதுங்க."

எழுதினார். பேரவையிலிருந்து பேராசிரியரே போனில் பேசினார். குரலில் அன்பு வழிந்தது. "ஐயா, பிறந்த மண்ணுக்காக உங்கள் உழைப்பையே பொய்யென்று சொல்லத் துணிந்தீர்களே. இந்தத் தியாகத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஆனால் நடுவர் குழு உண்மைக்குக் கட்டுப்பட்டது" என்றார்.

மாசக் கடைசியில் பட்டியல் வந்தது. நல்லாங்கரை அதில் இல்லை. காலி செய்யும் ஊர்களில் இருந்தது.

ஜெனிட்டா ஒருமுறை கூப்பிட்டாள். அவளுக்குக் கோபம் அடங்கியிருக்கவில்லை. "இன்னொரு கதை எழுதுங்க சார். வளைவு கட்டி, ஊர் பிழைச்சு, எல்லாரும் நல்லா இருக்கற மாதிரி. நீங்க எழுதினா இப்போ அது கண்ணை மூடிக்கிட்டு நம்பும்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வயிற்றெரிச்சலில் சொன்னது அது. ஆனாலும் அவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். கல்லின் எடை, வளைவின் நீளம், எல்லாம் புள்ளிவைத்து வந்தது. நாலாம் பக்கத்தில் வளைவு உடைந்தது. திருப்பி எழுதினார். மறுபடியும் உடைந்தது. நாற்பது வருடமாக உடைத்தே பழகிய கை.

*

புரட்டாசிக் கடைசியில் நல்லாங்கரைக்குப் போனார். மத்தியான வெயில். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரே லாரிகள் வந்தன. வளைவுக்குக் கொட்டிய கல்லை வேறு ஊருக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பாதிக் கடையை மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"ஐஸ்கம்பெனிக்கார அம்மா தம்பிதானே? உங்களைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். எட்டு வருஷத்துக்கு முன்னாலயே சொன்ன மனுஷன். நாங்கதான் கேக்கல" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவும் சன்னலும் இல்லை. கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உள்நாட்டில் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு தினமும் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. பொதுக்கிணற்றைத் தாண்டும்போது அறவாழி நின்றார். வாளி கிடந்தது. தண்ணீர் மொண்டு வாயில் வைத்தார். துப்பினார்.

ஐஸ் கம்பெனிக்குள் குளிர் புகைந்தது. பொற்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய ஐஸ் பாளத்தை நீண்ட இரும்பு ஊசியால் குத்திப் பிளந்துகொண்டிருந்தாள். எழுபது நெருங்கியும் கையில் பலம் குறையவில்லை.

"வாடா விருதுக்காரா. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற. மீன் கொழம்பு இருக்கு, நண்டு இல்ல. சாப்பிடறியா?"

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு. நான் வேலையப் பாத்துக்கிட்டே கேக்கறேன். நாலு படகு இன்னும் கடலுக்குப் போகுது. ஐஸ் இல்லன்னா மீனு நாறிடும்."

அவர் சொன்னார். அட்டவணை, பேட்டி, ஜெனிட்டா வந்த செவ்வாய்க்கிழமை, விழா, பாராட்டுரை. ஒன்றையும் விடவில்லை. நடுவில் எங்கேயும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. ஊசி பாளத்தில் இறங்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் நின்றது. 'விழா முடியட்டும்னு' என்று அவர் சொன்ன இடத்தில். பிறகு மறுபடியும் தொடங்கியது.

சொல்லி முடித்தார். அவள் ஊசியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"குடத்த ஒடச்சதுக்கே ரெண்டு நாள் என் மூஞ்சியப் பாக்காம திரிஞ்சவன் நீ" என்றாள்.

"அக்கா..."

"எனக்கும் வீடு ஒதுக்கிட்டாங்க அங்க. மூணாவது மாடி. சன்னலத் தொறந்தா எதிர்த்த வீட்டுச் சன்னல். ஐஸ் கம்பெனி வெக்க எடம் கெடையாதாம். வெச்சாலும் யாருக்கு? அங்க கடல் எங்க இருக்கு? நாளைக்குக் காலையில வர்றதுதான் கடைசி பஸ்ஸாம். வர்றியா இல்லியான்னு ஆபீசர் வந்து ரெண்டு தடவ கேட்டுட்டுப் போயிட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல."

"வந்துடுக்கா. எங்கூட மெட்ராசுக்கு வந்துடு."

அவள் இரும்புக் கதவருகே போய் அதில் சாய்ந்து நின்றாள். வெளியே கல் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"உன் கதையெல்லாம் எனக்கு ஓடாதுடா. ரெண்டு பக்கத்துக்கு மேல தூக்கம் வந்துடும். ஆனா அதுல என் பேருல ஒருத்தி வர்றாளாமே. இதே கம்பெனியாம், இதே தெருவாம். அவ கதை என்னாச்சுன்னு படிச்சவங்களக் கேட்டா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. டீக்கடைக்காரன் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் அவரைப் பார்த்தது போலத்தான், நடக்கப்போவதைத் தெரிந்தவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"நீயே சொல்லுடா. கடைசி பஸ்ஸுல நான் ஏறினேனா, இல்லியா?"